புதுப்பிப்பு: கொப்புளம் காய்ந்த பிறகு

கை-கால்-வாய் நோயில் கொப்புளம் இருக்கும் முதல் வாரத்தைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். இது அதற்குப் பிந்தைய வாரங்களுக்கு.

ஒன்றிரண்டு மாதம் கழித்துச் சில குழந்தைகளுக்கு நகம் அடியிலிருந்து கழன்று வரும். நோயின்போது நக வளர்ச்சி சற்று நின்றுபோனதுதான் காரணம். பயப்பட வேண்டாம், வலிக்காது, புது நகம் பின்னாலேயே வரும். தொங்கும் நுனியை மட்டும் வெட்டுங்கள், பிடித்து இழுக்க வேண்டாம். இதற்காகக் கால்சியம் சிரப் வாங்குவது வீண்செலவு.

காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆகி, கொப்புளங்களும் காய்ந்துவிட்டால் பிளே ஸ்கூலுக்கு அனுப்பலாம். ஆனால் மலத்தில் வைரஸ் பல வாரங்கள் வெளியேறும். டயப்பர் மாற்றியபின் சானிடைசரை நம்பாதீர்கள். மேலுறை இல்லாத இந்த வைரஸிடம் ஆல்கஹால் அவ்வளவாக எடுபடாது. சோப்புப் போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவுங்கள்.

பிளாஸ்டிக் பொம்மைகளை முதலில் சோப்பு நீரில் அலசுங்கள். அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 5 சதவீத பிளீச் திரவம் 20 மி.லி. கலந்து, 10 நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். கலவை வீரியம் இழக்கும், அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். கழிப்பறை ஆசிடோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், ஜாக்கிரதை.

இந்த நோய் மறுபடியும் வரலாம். காரணமான வைரஸ் ஒன்றல்ல, பல. அப்போது தூக்கத்தில் திடீர் திடீரெனத் துள்ளினாலோ, 8 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.