செக்‌ஷனுக்கு ஒரு கார்டு கொடுத்தால் சாமான் செலவு பிடிபடுமா?

திருவொற்றியூர்_கணக்கு
எங்கள் பட்டறையில் மெஷின், வெல்டிங், பெயின்டிங், க்யூசி, ஆபீஸ் என்று 5 செக்‌ஷன், சுமார் 70 பேர். கிளவுஸ், கட்டிங் வீல், வெல்டிங் ராடு, தின்னர், காட்டன் வேஸ்ட், பிரிண்டர் டோனர் எல்லாமே டேலியில் 'கன்சூமபிள்ஸ்' என்ற ஒரே தலைப்பில் போய் விழுகிறது. மாசக் கடைசியில் முதலாளி கேட்பது ஒரே கேள்விதான்: "இவ்வளவையும் யாருப்பா தின்னது?" பாதி ஸ்டோர் வழியாக வருகிறது, மீதி அவசரத்துக்கு ஆளை பாரிமுனைக்கு அனுப்பி ரொக்கத்தில் வாங்கியது, அதனால் என்னிடம் பதில் கிடையாது.
செக்‌ஷனுக்கு ஒரு ப்ரீபெய்டு கார்டு கொடுத்து, மாசத்துக்கு இவ்வளவு என்று பணம் ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். எந்தக் கார்டில் போனதோ அந்த செக்‌ஷன் செலவு, அவ்வளவுதான். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை_ஸ்டோர்
22 வருஷமாக ஸ்டோர் பார்க்கிறேன், நேராகவே சொல்கிறேன். கார்டுக்குக் கடை தெரியும், சாமான் தெரியாது. ஸ்டேட்மென்டில் தேதி, கடை பெயர், தொகை, இவ்வளவுதான் வரும். 4,720 ரூபாய் என்று ஒரு வரி இருந்தால் அதில் எத்தனை வீல், எத்தனை ஜோடி கிளவுஸ், நடுவில் யாராவது தன் வீட்டுக்கு ஒரு டார்ச் லைட் சேர்த்தாரா என்பதெல்லாம் பில்லைப் பார்த்தால்தான் தெரியும். பில்லைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்றால் கார்டு எதற்கு?
இன்னொன்று, வாங்கியது வேறு, செலவானது வேறு. பெயின்டிங் கார்டில் 20 லிட்டர் தின்னர் வாங்குவீர்கள், அதில் 6 லிட்டரை மெஷின் செக்‌ஷன் ஆள் டப்பாவில் ஊற்றிக்கொண்டு போவார், உங்கள் கணக்கில் 20 லிட்டரும் பெயின்டிங் தலையில் விழும். எங்களிடம் இன்டென்ட் சீட்டு, அதாவது சாமான் கேட்டு எழுதிக் கொடுக்கும் சீட்டு, இல்லாமல் ஒரு நட்டு வெளியே போகாது. ஒவ்வொரு சாமானுக்கும் ஸ்டோரில் மாட்டியிருக்கும் 'பின் கார்டு' (bin card) அட்டையில் வரவு, பற்று, இருப்பு மூன்றும் இருக்கும். அதுவும் கார்டுதான் சார், சார்ஜ் போட வேண்டியதில்லை.

ராயபுரம்_லெட்ஜர்
அண்ணே, நீங்கள் எழுதுகிற ஸ்டோரில் அது நடக்கும். நான் கணக்குப் பார்த்த ஒரு இடத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை வாயாலேயே சாமான் போகும், சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஒரே பேனாவில், ஒரே மையில், வாரம் முழுக்க சீட்டு எழுதுவார்கள். ஐந்து செக்‌ஷன் சூப்பர்வைசர் கையெழுத்தும் ஒரே கையெழுத்து! ரொக்க வவுச்சரோ இன்னும் மோசம், "சில்லறை சாமான் - 860" என்று இருக்கும், பின்னால் குத்தின தெர்மல் பேப்பர் பில் ஆடிட்டர் கேட்கிற நேரத்தில் வெள்ளைத் தாளாகியிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கடை பெயரில் நாலு எழுத்து தெரியும்.
கார்டில் யார் கார்டு, எந்த நாள், எத்தனை மணி என்று அப்போதே பதிவாகிவிடும், யாரும் சனிக்கிழமை கதை எழுத முடியாது. கடை வகைக்கு என்று 4 இலக்கக் குறியீடு வேறு உண்டு, ஹார்டுவேர் கடைக்கு 5251, ஸ்டேஷனரிக்கு 5943 என்பது போல. கார்டு கொடுக்கும் நிறுவனம் அந்த வசதி தந்தால், வெல்டிங் கார்டு ஹார்டுவேர் கடையில் மட்டும் ஓடும்படி பூட்டி வைக்கலாம். ரொக்கத்தில் வாங்கினால் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய் தாண்டியதும் வருமான வரியில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள், அந்தத் தலைவலியும் இல்லை.

கொருக்குப்பேட்டை_ஸ்டோர்
தம்பி, அந்தக் குறியீடு கடைக்குக் கொடுத்தது, சாமானுக்கு இல்லை. ஹார்டுவேர் கடையில் பினாயிலும் இருக்கும், குடையும் இருக்கும். எதை வாங்கினாலும் 5251தான்.
அப்புறம் ஜிஎஸ்டியை மறந்துவிட்டீர்கள். கார்டு மிஷின் கக்குகிற சீட்டு பில் ஆகாது. நம் ஜிஎஸ்டி நம்பர் போட்ட டாக்ஸ் இன்வாய்ஸ் இருந்து, அதைக் கடைக்காரர் தாக்கல் செய்து, நம் 2பி-யில், அதாவது ஜிஎஸ்டி தளம் நமக்குக் காட்டும் கொள்முதல் பட்டியலில், வந்தால்தான் வரி திரும்பும். அவசரத்துக்குப் போகிற ஹெல்ப்பர் பையன் கார்டைத் தேய்த்துவிட்டு மஞ்சள் சீட்டோடு ஓடி வருவான். 18 சதவீதச் சாமானாக இருந்தால் அந்த 4,720-ல் 720 ரூபாய் போச்சு. இதைக் கேட்டால் "பணம் கரெக்டா போயிருக்கே சார்" என்பான்.
பாரிமுனையிலிருந்து சாமான் ஏற்றி வரும் மீன்பாடி வண்டிக்காரரிடம் எந்தக் கார்டைத் தேய்ப்பீர்கள்? ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை எல்லாம் எந்த செக்‌ஷன் கணக்கு?

மணலி_ஷிஃப்ட்
யுபிஐ போதுமே. 2020 ஜனவரியிலிருந்து அதில் கடைக்காரருக்குக் கமிஷன் பிடித்தம் கிடையாது, "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேரும்" என்ற பேச்சே வராது.

ராயபுரம்_லெட்ஜர்
யாருடைய போன்? சூப்பர்வைசர் சொந்தக் கணக்கிலிருந்து கட்டிவிட்டு, நடுவில் மாமியாருக்கு அனுப்பியதையும் சேர்த்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவார். அதை நான் பார்த்துவிட்டேன், வேண்டாம்.

வியாசை_லேப்
நீங்கள் இரண்டு பேருமே கார்டைக் கடையில் தேய்ப்பது பற்றியே பேசுகிறீர்கள். நான் வேலை பார்த்த கல்லூரியில் அதை ஸ்டோர் ஜன்னலிலேயே வைத்தார்கள். வெளியே வாங்குவது முழுக்க ஸ்டோர் பொறுப்பு, பில், ஜிஎஸ்டி எல்லாம் ஒரே இடத்தில். ஒவ்வொரு துறைக்கும் உள் கார்டு. சாமானின் பார்கோடு ஒரு பீப், கார்டு ஒரு பீப், அந்தத் துறை பட்ஜெட்டில் அவ்வளவு கழியும். பணம் எதுவும் நகராது, கணக்கு மட்டும்தான். ஒரு நிறுவனம் தன்னிடமே பொருள் வாங்க மட்டும் கொடுக்கும் கார்டுக்கே ரிசர்வ் வங்கி அனுமதி தேவையில்லை, 2021 விதிகளிலேயே அது இருக்கிறது. இதில் அந்தப் பணமும் இல்லை, ஒரே கம்பெனிக்குள் கணக்கு மாற்றம். எந்தச் சாமான், எத்தனை, எந்தத் துறை, மூன்றும் ஒரே வரியில் வந்தது.
கெடுத்தது எது தெரியுமா? ஒரு துறையில் கார்டை ஆணியில் மாட்டிவிட்டார்கள். "யார் போனாலும் எடுத்துட்டுப் போங்க" என்று. பக்கத்துத் துறை ஆள் தேநீர் குடிக்க வந்தவர் அதை எடுத்துக்கொண்டு போய் ஏ4 பண்டல் வாங்கினார். மூன்று மாதம் யாரும் கவனிக்கவில்லை. இன்னொன்று, மார்ச் மாசம் பட்ஜெட் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஆளாளுக்கு வாங்கி பீரோவில் அடுக்கினார்கள். கார்டு வருவதற்கு முன்னால் பட்ஜெட்டில் மிச்சம் எவ்வளவு என்று துறைக்குத் தெரியாது, அதனால் அடுக்கவும் மாட்டார்கள்.

கொருக்குப்பேட்டை_ஸ்டோர்
இது பேச்சு. ஜன்னலில் தேய்ப்பதென்றால் எனக்குச் சண்டை இல்லை, அது இன்டென்ட் சீட்டின் வேலைதான். ஆனால் ஒன்று, எங்களிடம் பழைய கட்டிங் வீலின் தேய்ந்த துண்டைக் கொடுத்தால்தான் புது வீல், ராடுக்கும் அப்படித்தான், மிச்சத் துண்டை எண்ணிவிட்டுத்தான் அடுத்த பாக்கெட். பாதி ராடு எரித்துவிட்டு வளைத்துத் தூக்கிப் போடுகிறவன் யார் என்று அந்தத் துண்டின் நீளம் சொல்லும். உங்கள் பீப் அதைச் சொல்லாது. கார்டு இருக்கிறது என்று அந்தப் பழக்கத்தை நிறுத்தினால் செலவு ஏறும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம்_லெட்ஜர்
அதை நிறுத்தச் சொல்லவில்லையே அண்ணே. ஆனால் ராத்திரி ஷிஃப்டில் ஸ்டோர் பூட்டியிருக்கும்போது? அப்போது ஃபோர்மேனிடம் சாவி, சீட்டு கிடையாது, காலையில் கேட்டால் ஞாபகம் கிடையாது. அந்த நேரத்துக்கு ஒரு வங்கிக் கார்டோ உள் கார்டோ ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும் என்பதுதான் என் வாதம், நான் அதிலிருந்து இறங்க மாட்டேன்.

திருவொற்றியூர்_கணக்கு
வாசித்தேன். வெளியே தேய்க்கும் கார்டு ஒன்றே ஒன்று, அது ஸ்டோர்காரரிடம், ஜிஎஸ்டி நம்பரை அட்டையில் எழுதி அதோடு கட்டி வைப்பதாக முடிவு. செக்‌ஷன் கார்டு ஜன்னலுக்கு மட்டும், முதலில் வெல்டிங்கில் இரண்டு மாசம். கூலி, வண்டி வாடகையை சாமான் விலையிலேயே ஏற்றிவிடுகிறேன், தனியாகப் பங்கு பிரிக்க எனக்குத் தெம்பில்லை. ராத்திரி ஷிஃப்டுக்கு இன்னும் வழி தெரியவில்லை, ஃபோர்மேனிடம் பேச வேண்டும்.
தொடங்குமுன் இருப்பு எடுக்கலாம் என்று இன்று வெல்டிங் லாக்கர்களைத் திறந்தோம். பிரிக்காத கிளவுஸ் 37 ஜோடி, ராடு 9 பாக்கெட், இரண்டு பாக்கெட் ஈரம் பட்டுப் பூச்சு உதிர்ந்துவிட்டது. எல்லாம் ஏற்கெனவே செலவில் எழுதியாகிவிட்டது. இதை இப்போது எந்தக் கணக்கில் கொண்டு வருவது?

கொருக்குப்பேட்டை_ஸ்டோர்
ரிட்டர்ன் சீட்டு போட்டு ஸ்டோருக்குத் திருப்புங்கள், வாங்கின விலைக்கே வெல்டிங் செலவில் கழியும். உதிர்ந்த ராடை மட்டும் அவர்கள் கணக்கிலேயே விடுங்கள்.