அலாய் வீல் மாட்டியதிலிருந்து ஸ்டியரிங் நடுங்குகிறது. வேறு எந்த டிசைன், சைஸ் போடலாம்?

நீலவண்டி:
வணக்கம். போன மாதம் என் பழைய காருக்கு 15 அங்குல அலாய் வாங்கி மாட்டினேன். பார்க்க அட்டகாசம். ஆனால் 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது. 100-ல் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிகிறது. மூன்று முறை பேலன்சிங் செய்தாயிற்று, மெஷின் ஒவ்வொரு முறையும் சைபர்தான் காட்டியது. முழுக்கத் திருப்பினால் முன் டயர் உள்ளே எங்கோ உரசவும் செய்கிறது. இந்த டிசைன் ராசியில்லை போலிருக்கிறது. வேறு எந்த டிசைன், எந்த சைஸ் வாங்கலாம்? 14 போதுமா? ஞாயிற்றுக்கிழமை பழைய கார் அணிவகுப்பு இருக்கிறது, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்பானர்12:
எந்தக் கார்? எந்த வருடம்? வீல் அகலம்? ஆஃப்செட் (வண்டியில் ஒட்டும் முகம் வீலின் அகல மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி)? பி.சி.டி. (போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்)? டயர் அளவு? மினியும் பழைய கார்தான், மஸ்டாங்கும் பழைய கார்தான். எதற்கென்று சொல்வது?

நீலவண்டி:
மன்னிக்கவும். ஃபியட் ஸ்பைடர். நான்கு போல்ட். வீலிலும் நான்கு ஓட்டை, சரியாகவே உட்கார்ந்தது.

ரப்பர்மணம்:
டயர்தான், வேறெதுவும் இல்லை. பேலன்ஸ் சைபர் என்றால் எடை சமமாக இருக்கிறது என்றுதான் பொருள், டயர் வட்டமாக இருக்கிறது என்று பொருளில்லை. நாள்கணக்கில் நின்ற வண்டியில் டயரின் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதைப் படித்துச் சொல்லுங்கள்.

நீலவண்டி:
டயர் புதிது சார். வீலோடு சேர்த்து வாங்கியது.

ரப்பர்மணம்:
புதிய டயரிலும் வட்டம் கெட்டது வரும். நான் பார்த்திருக்கிறேன்.

கிங்பின்:
முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஐட்லர் ஆர்ம் (ஸ்டியரிங் இணைப்பைத் தாங்கும் கை) புஷ் தேய்ந்திருக்கும். மெல்லிய டயரில் வெளியே தெரியாத ஆட்டம் அகலமான டயர் போட்டதும் தெரிய ஆரம்பிக்கும். இதே கதையைப் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன், எட்டுப் பேருக்கு அதுதான் காரணம்.

ஸ்பானர்12:
போன வாரம் பிரேக் இழுக்கிறது என்றவருக்கும் ஐட்லர் ஆர்ம்தான் சொன்னீர்கள்.

கிழட்டுச்சிங்கம்:
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்திருக்கிறது! தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. நீலவண்டி, அந்த உடம்பு 13 அங்குலச் சக்கரத்தை மனதில் வைத்து இத்தாலிய டிசைன் கம்பெனி பினின்ஃபரீனா வரைந்தது, 1966-ல் வந்தது. அதற்கு 15 என்பது குழந்தை அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பது போல. நடுங்காமல் என்ன செய்யும்? சில பேர் வாங்கிய பிறகுதான் படிப்பார்கள், சில பேர் அப்போதும் படிக்க மாட்டார்கள்.

எட்டுக்கம்பி:
சிங்கம் ஐயா, பார்வைக்குப் பொருந்தாததும் நடுக்கமும் வேறு வேறு. 15-ஐ நானும் பரிந்துரைக்க மாட்டேன், ஆனால் அழகில்லாததால் ஸ்டியரிங் ஆடாது.

நீலவண்டி, டிசைன் என்று கேட்டதால் சொல்கிறேன். அறுபதுகளின் வண்டிக்குக் குறைந்த கம்பி (ஸ்போக்), தடித்த கம்பி, வெளி விளிம்பு வரை ஓடாத முகம். மினிலைட் மாதிரி எட்டுக் கம்பி எந்தச் சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். பி.பி.எஸ். பாணி வலைப்பின்னல் அழகுதான், ஆனால் அந்தக் கம்பெனியே 1970-ல்தான் தொடங்கியது. எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் வண்டியில்தான் அது வீட்டில் இருப்பது போல் இருக்கும். இன்னொன்று, சக்கர வளைவுக்குள் ரப்பர் நிறையத் தெரிய வேண்டும். பக்கச் சுவர் மெலிந்தால் பழைய வண்டி பொம்மையாகிவிடும்.

வெர்னியர்:
எந்த ஸ்பைடர் என்று இன்னும் சொல்லவில்லை. 850-ம் ஸ்பைடர்தான், 124-ம் ஸ்பைடர்தான். 2016-ல் மாஸ்டா எம்.எக்ஸ்.-5 அடித்தளத்தில் வந்ததன் பெயரும் 124 ஸ்பைடர்தான். வீலைக் கழற்றி, பின்புறம் வார்ப்பில் பொறித்திருப்பதை அப்படியே எழுதுங்கள். நடு ஓட்டையின் விட்டமும் ஹப்பின் (வண்டியில் வீல் மாட்டும் நடுப்பகுதி) நடு விளிம்பு விட்டமும் வேண்டும். மாட்டும்போது ஒவ்வொரு போல்ட்டும் எத்தனை சுற்றில் இறுகுகிறது என்று எண்ணுங்கள்.

நீலவண்டி:
124 ஸ்பைடர், 1974. பின்னால் "7ஜே × 15, இ.டி. 20, 4 × 100" என்றிருக்கிறது. டயர் 195/50 ஆர்15. வீலின் நடு ஓட்டை 73, ஹப்பில் 58 மி.மீ. போல்ட் எல்லாம் பழைய ஸ்டீல் வீலோடு இருந்தவைதான். ஐந்து சுற்றில் இறுகிவிடுகிறது.

வெர்னியர்:
வண்டியை இனி எடுக்காதீர்கள். அணிவகுப்புக்கும் அந்த வீலில் வேண்டாம்.

முதலில் போல்ட். உங்கள் வண்டியில் எம்12, 1.25 பிட்ச். ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. உள்ளே போகும். ஐந்து சுற்று என்றால் ஆறேகால் மி.மீ. மரைதான் ஒவ்வொரு போல்ட்டையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. போல்ட்டின் விட்டத்தளவாவது, அதாவது 12 மி.மீ., உள்ளே போக வேண்டும். கிட்டத்தட்டப் பத்துச் சுற்று. ஸ்டீல் வீலின் தகடு மெல்லிசு, அலாயில் போல்ட் உட்காரும் இடம் தடிமன். பழைய போல்ட்டையே போட்டால் இப்படித்தான் ஆகும்.

அடுத்தது நடுக்கம். உங்கள் ஹப் 4 × 98, அதாவது நான்கு போல்ட், பி.சி.டி. 98 மி.மீ. வீல் 4 × 100. இரண்டு மி.மீ. விட்ட வித்தியாசம், ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு மி.மீ. கையால் திருகும்போது உட்கார்ந்தது போலவே இருக்கும். இறுக்கும்போது எந்தப் போல்ட் முதலில் இறுகுகிறதோ அது வீலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், மற்ற மூன்றும் கூம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு வளைந்து நிற்கும். நடு ஓட்டைக்கும் ஹப்புக்கும் 15 மி.மீ. வித்தியாசம் என்பதால் அங்கேயும் தாங்கல் இல்லை. வீல் மையம் விலகிச் சுற்றுகிறது.

பேலன்சிங்கில் ஏன் பிடிபடவில்லை என்றால், அந்த மெஷின் வீலை நடு ஓட்டையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறது. அங்கே மையம் சரி. வண்டியில் மையம் வேறு. முப்பது முறை செய்தாலும் சைபர்தான் வரும்.

உரசல்: உங்கள் ஸ்டீல் வீல் 5ஜே, அதாவது 5 அங்குல அகலம். 7ஜே என்றால், ஆஃப்செட் மாறாவிட்டாலும் உள்ளே 25 மி.மீ., வெளியே 25 மி.மீ. கூடும். இ.டி. எண், அதாவது ஆஃப்செட், அசலைவிட எவ்வளவு அதிகமோ அவ்வளவும் உள்பக்கம் சேரும்.

ரப்பர்மணம்:
சரி, டயர் இல்லை. ஆனாலும் தேதியைப் பார்த்து வையுங்கள்.

நீலவண்டி:
விற்றவர் பட்டியலில் "ஃபியட் 124 ஸ்பைடர்: 4 × 100" என்று தெளிவாகப் போட்டிருந்ததே? அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஸ்பானர்12:
அது 2016 வண்டிக்கு. அது 4 × 100-தான். பட்டியல் பொய் சொல்லவில்லை, உங்கள் வண்டிக்கு அது இல்லை. முதலிலேயே 1974 என்று எழுதியிருந்தால் ஐட்லர் ஆர்ம் வழியாகச் சுற்றியிருக்க வேண்டாம்.

கிங்பின்:
ஐட்லர் ஆர்மையும் பார்த்துவிடுவது நல்லதுதான்.

லேத்துக்காரன்:
வீலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆடும் கழுத்துப் போல்ட் கிடைக்கிறது, கூம்பு தனி வளையமாக இருக்கும், ஒரு மி.மீ. நகர்ந்து உட்காரும். 98-க்கும் 100-க்கும் இதைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். நீளமும் சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம்.

வெர்னியர்:
போடுகிறார்கள், உண்மை. ஆனால் அந்த வளையம் மிதப்பது, அதனால் வீலை மையத்துக்கு இழுக்காது. மையப்படுத்த ஹப் ரிங் (நடு ஓட்டைக்கும் ஹப்புக்கும் உள்ள இடைவெளியை அடைக்கும் வளையம்) கட்டாயம் வேண்டும், 73-க்கு 58. ரிங் உட்காரும் அளவுக்கு ஹப்பின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பேச வேண்டும். பழைய ஹப்களில் அந்த விளிம்பு சில நேரம் அலாயின் தடிமனுக்குள் பாதிகூட வராது. அதோடு இங்கே உரசலும் இருக்கிறது, போல்ட்டால் அது தீராது.

லேத்துக்காரன்:
உரசலுக்கு வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே 10 மி.மீ. ஸ்பேசர் தட்டு.

வெர்னியர்:
ஸ்பேசர் போட்டால் போல்ட் இன்னும் 10 மி.மீ. நீளம் வேண்டும், விளிம்பு இன்னும் 10 மி.மீ. உள்ளே மறையும். தப்பான வீலைச் சரியாக்க மூன்று பொருள் வாங்குகிறோம்.

லேத்துக்காரன்:
என் வண்டியில் ஆறு வருடமாக ஓடுகிறது. வீல் இன்னும் கழன்றுபோகவில்லை.

கிழட்டுச்சிங்கம்:
கழன்ற பிறகு எழுத ஆள் இருக்க வேண்டுமே.

எட்டுக்கம்பி:
ஐயா, அது கொஞ்சம் அதிகம்.

கிழட்டுச்சிங்கம்:
அதிகம் ஒன்றும் இல்லை. கிளாசிக் காரில் அலாய் என்பதே இப்போது வந்த மோகம். ஸ்டீல் அல்லது வயர் வீல், இரண்டுதான் மரியாதை. மிஞ்சிப் போனால் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்.ஜி.பி.-க்கு வந்த ரோஸ்டைல் அலாய், அதுவும் கம்பெனியே கொடுத்ததால்.

எட்டுக்கம்பி:
ரோஸ்டைல் அலாய் இல்லை ஐயா. அழுத்திச் செய்த ஸ்டீல். பெயின்ட் அடித்த விதத்தால் அலாய் போலத் தெரியும். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள்.

அலாய் புதுசும் இல்லை. புகாட்டி டைப் 35, 1924-லேயே வார்ப்பு அலுமினியச் சக்கரத்தில் வந்தது. எட்டுத் தட்டைக் கம்பி, பிரேக் டிரம்மும் சேர்த்தே ஒரே வார்ப்பு. வீலைக் கழற்றினால் பிரேக் கண் முன்னால். போர்ஷே 911 எஸ்ஸுக்கு 1966-லேயே ஃபூக்ஸ் வீல், அது அடித்துச் செய்த அலுமினியம். மினி கூப்பர் எஸ் ராலி வண்டிகள் மினிலைட் மாட்டி ஓடியதும் அறுபதுகளில்தான், அது மெக்னீசியம்.

கிழட்டுச்சிங்கம்:
ரோஸ்டைல் பற்றி நான் சொல்ல வந்தது தோற்றத்தை.

ஸ்பானர்12:
சரி சரி.

லேத்துக்காரன்:
மெக்னீசியம் என்றதும் ஒன்று. அந்தக் காலத்து அசல் மெக்னீசிய வீல் கிடைத்தால் ஆசைப்பட்டு நேராக ரோட்டுக்கு எடுத்துவிடாதீர்கள். பெயின்ட் போன இடத்தில் ஈரம் பட்டால் அரிக்கும், வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஊற்றிப் பார்க்கும் சோதனையாவது செய்ய வேண்டும். என்னிடம் ஒரு செட் சுவரில் தொங்குகிறது, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது அதே அச்சில் அலுமினியத்தில் செய்கிறார்கள், ஓட்டுவதற்கு அது போதும்.

ரப்பர்மணம்:
இத்தனை பேர் 13 என்கிறீர்கள். 13-க்கு நல்ல டயர் எங்கே இருக்கிறது? கிடைப்பதெல்லாம் சின்ன வண்டிக்கான சாதாரண டயர். ஓட்டுவதற்கென்று வண்டி வைத்திருப்பவன் 15-க்குப் போவது அதனால்தான், மோகத்தால் இல்லை.

எட்டுக்கம்பி:
அது நியாயம். ஆனால் நடுவில் 14 இருக்கிறது.

வெர்னியர்:
நீலவண்டி கேட்ட கேள்விக்கு வருவோம். வண்டியின் அசல் 165/80 ஆர்13, அதாவது அகலம் 165 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதில் 80 சதவீதம், வீல் 13 அங்குலம். மொத்த விட்டம் 594 மி.மீ. வரும். இப்போது மாட்டியிருக்கும் 195/50 ஆர்15 வெறும் 576. பெரிய வீல் போட்டும் சக்கரம் சின்னதாகிவிட்டது, வண்டி 9 மி.மீ. தாழ்ந்துவிட்டது, மீட்டர் 3 சதவீதம் கூட்டிச் சொல்லும். 15-ல்தான் இருப்பேன் என்றால் 205/50, 586 வரும், ஆனால் அகலம் இன்னும் கூடும், உரசலும் கூடும். 14-க்கு 185/65 போட்டால் 596. 13-லேயே 185/70 போட்டால் 589, ரப்பரும் கண்ணுக்கு நிறையத் தெரியும்.

நானாக இருந்தால் 13 × 5.5ஜே, 185/70. இதே வண்டியின் ராலி வடிவமான அபார்த் 124 ராலியே அந்த அளவில்தான் வந்தது. ஓட்டம் அதிகம், டயர்தான் கவலை என்றால் 14 × 6ஜே, 185/65. இரண்டுக்கும் 4 × 98 என்று வார்ப்பில் பொறித்திருக்க வேண்டும், பட்டியலில் இருந்தால் போதாது. நம்பிக்கை இல்லையா, எதிரெதிர் ஓட்டைகளில் ஒன்றின் வெளி விளிம்பிலிருந்து மற்றதன் உள் விளிம்பு வரை அளந்துவிடுங்கள், அதுதான் பி.சி.டி. அப்புறம் புது வீலின் போல்ட் குழி கூம்பா, உருண்டையா என்று பார்த்து அதற்கேற்ற போல்ட். டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) குறுக்குவாட்டில் இறுக்கி, நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி ஒரு முறை.

ஸ்பானர்12:
நீலவண்டி, ஞாயிறு போய்விட்டது. வண்டி என்னாயிற்று?

ஸ்பானர்12:
நான்கு நாள் ஆயிற்று. நலம்தானே?

கிங்பின்:
ஐட்லர் ஆர்ம் மாற்றப் போயிருப்பார்.

நீலவண்டி:
மன்னிக்கவும், வேலை. அன்றைக்கே ஸ்டீல் வீலை மாட்டிவிட்டேன். நடுக்கம் சுத்தமாக இல்லை. கழற்றிய போல்ட்களில் மூன்றின் கூம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது, ஒன்று தரையில் உருட்டினால் நேராக ஓடவில்லை. நான்கையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். அணிவகுப்புக்கு ஸ்டீலில்தான் போனேன், இரண்டு பேர் அசல் வீலா என்று கேட்டுப் படம் எடுத்தார்கள். 13 × 5.5, 4 × 98 ஒரு செட் சொல்லிவைத்திருக்கிறேன். வெர்னியருக்கு நன்றி.

எட்டுக்கம்பி:
எட்டுக் கம்பிதானே?

கிழட்டுச்சிங்கம்:
ஸ்டீலிலேயே விட்டிருக்கலாம்.

எட்டுக்கம்பி:
நீலவண்டி? எந்த டிசைன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.