பொருள்: கேஸ் ஸ்டடி – ‘வழக்காய்வு’ வேண்டாம், ‘நேர்வு’ என்போம்

அனைவருக்கும் வணக்கம். ஒரு நிறுவனம் சந்தித்த நிலையைத் தாள்களாகக் கொடுத்து மாணவரை ஆராயச் சொல்லும் முறைதான் வணிகப் படிப்பில் கேஸ் ஸ்டடி. அதற்கு என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த ஒரு கேள்விக்கு இது என் பதில்.

> வழக்காய்வு என்றே வைத்துக்கொள்ளலாமே? இந்த முறையே சட்டப் படிப்பிலிருந்து வந்ததுதானே.

வந்தது அங்கிருந்துதான், மறுக்கவில்லை. ஹார்வர்டு சட்டப் பள்ளியில் கிறிஸ்டோபர் லாங்டெல் 1870-இல் தீர்ப்புகளையே பாடமாக வைத்து வகுப்பெடுக்கத் தொடங்கினார். 1908-இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளிக்கு 1919-இல் தலைமையேற்ற வாலஸ் டான்ஹமும் சட்டம் படித்தவர். அவர் காலத்தில்தான் இது வணிகக் கல்வியில் வேர்பிடித்தது.

ஆனால் இடம் மாறியபோது ஒரு முக்கியமான விஷயமும் மாறிவிட்டது. வழக்கில் நீதிபதி தீர்ப்பு எழுதி முடித்திருப்பார். மாணவர் அதன் காரணத்தைத் தேடிப் படிக்கிறார். வணிக வகுப்பில் கொடுக்கும் தாள்களில் பெரும்பாலும் தீர்ப்பே இருக்காது. மேலாளர் முடிவெடுத்தாக வேண்டிய இடத்தில் கதை நின்றுவிடும். தீர்ப்பை மாணவர்தான் எழுத வேண்டும். ‘வழக்கு’ என்ற சொல்லைக் கேட்டதுமே வாதி, பிரதிவாதி, தப்பு யாருடையது என்று மனம் போய்விடுகிறது.

‘நிகழ்வாய்வு’ என்றால் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது போல ஆகிவிடும். ‘தனியாள் ஆய்வு’ கல்வியியலில் ஒரு மாணவரைக் கூர்ந்து பார்ப்பதற்குச் சரி. ஒரு நிறுவனத்துக்கு ஒட்டாது.

அதனால்தான் ‘நேர்வு’ என்கிறேன். அலுவலகக் கடிதங்களில் ‘இந்நேர்வில்’ என்று எழுதுவது நமக்குப் பழக்கம். இப்படி ஒரு நிலை நேர்ந்திருக்கிறது, இதில் என்ன செய்யலாம் என்பதுதான் அதன் தொனி. நமக்கு வேண்டியதும் அதே பொருள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையில் கொடுக்கும் தாள்கள் நேர்வு, அதை வைத்து மாணவர் செய்வது நேர்வாய்வு. கேஸ் ஸ்டடி என்ற ஒரே பெயர் இரண்டுக்கும் வழங்குவதால் நடக்கும் கேட்டை விடைத்தாள் திருத்தும்போது பார்க்கிறேன். பத்துப் பக்க நேர்வை மூன்று பக்கமாகச் சுருக்கி எழுதிவிட்டு, ஆய்வு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நல்ல பிள்ளைகளே இப்படிச் செய்யும்போது மனம் கஷ்டப்படுகிறது.

ஃபிலிம் விற்றுப் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமான கோடக்கையே எடுத்துக்கொள்வோம். அங்கே பொறியாளராக இருந்த ஸ்டீவ் சாஸன் 1975-இல் ஒரு டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டினார். எடை சுமார் 3.6 கிலோ. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய 23 நொடி ஆனது. 2012 ஜனவரியில் அதே நிறுவனம் கடன் கொடுத்தவர்களிடமிருந்து காக்கச் சொல்லி நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டது. “டிஜிட்டல் வந்தது, கோடக் விழுந்தது” என்று எழுதினால் அது சுருக்கம். ஆய்வு செய்பவர் 1975-க்குப் போய் நிற்க வேண்டும். ஃபிலிமும் தாளும் ரசாயனமும் விற்றுத்தான் நிறுவனம் சம்பாதிக்கிறது. எதிரே இருப்பதோ ஃபிலிமே தேவைப்படாத ஒரு கருவி, அதுவும் இன்னும் விற்கும் நிலைக்கு வராதது. அந்த நாற்காலியில் இருப்பவர் எவ்வளவு பணத்தை இதில் போடலாம்? எந்த அறிகுறி தெரிந்தால் கூட்டலாம்? 2012-இல் என்ன ஆனது என்பது அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு அவரைக் குறை சொல்வது சுலபம். அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

இதற்காகவே, முடிவெடுக்க வேண்டிய நாளைக் குறிக்க ‘முடிவு நாள்’ என்று ஒரு சொல்லையும் சேர்க்கச் சொல்கிறேன். நேர்வை வாசித்ததும் மாணவர் முதலில் குறிக்க வேண்டியது இரண்டு: முடிவெடுப்பவர் யார், முடிவு நாள் எது. அந்த நாளுக்குப் பிறகு வந்த தகவலை ஓரமாக வைத்துவிட வேண்டும்.

அப்புறம், அறிகுறியும் சிக்கலும் வேறு வேறு. விற்பனை குறைந்தது அறிகுறி. அதையே சிக்கல் என்று எழுதினால் தீர்வும் “விற்பனையைக் கூட்ட வேண்டும்” என்றுதான் வரும். ஏன் குறைந்தது என்று நாலு முறையாவது கேட்டுப் பார்க்க வேண்டும். நேர்வில் சொல்லாமல் விட்டதை நாமாக நிரப்பினால் அது எடுகோள். அதை எடுகோள் என்றே வெளிப்படையாக எழுதிவிட்டால் போதும், யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு பழைய பிழையையும் இதோடு திருத்திவிடுவோம். நிறுவனத்தின் முடிவு யாரையெல்லாம் தொடுமோ அவர்கள்தான் ஸ்டேக்ஹோல்டர். அதற்குப் பல இடங்களில் ‘பங்குதாரர்’ என்று போடுகிறார்கள். பங்கு வாங்கியவர்தான் பங்குதாரர். தொழிலாளி, வாடிக்கையாளர், சரக்கு கொடுப்பவர், பக்கத்தில் குடியிருப்பவர் எல்லோரையும் அந்தச் சொல் வெளியே தள்ளிவிடுகிறது. அதைப் படிக்கும் மாணவரும் முதலாளியின் லாபத்தை மட்டும் கணக்குப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார். ‘அக்கறையாளர்’ என்பதை நான் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், உடனே புரிகிறது.

எனக்கு இன்னும் அமையாத சொல் ஒன்றே ஒன்றுதான். முடிவெடுப்பவர் முன்னால் இருக்கும் இரண்டு மூன்று வழிகளை என்னவென்று சொல்வது? ‘மாற்று வழி’ என்றால் முதல் வழி ஒன்று ஏற்கெனவே முடிவானது போல இருக்கிறது. ‘தெரிவு’ என்றால் தேர்ந்தெடுத்து முடித்தது போலவும் கேட்கிறது. பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.