கேஎஸ்எம் ஒரு சுற்று முடிப்பதற்குள் லேப் நேரமே முடிந்துவிடுகிறது, ஸ்கேனை எப்படிச் சீராக்குவது?

செக்காலை_லேப்
வணக்கம். காரைக்குடியில் ஒரு கல்லூரி லேப். ஹோஸ்டில் 64 ஜிபி ரேம், உபுண்டு 22.04, கெர்னல் 5.15, கேவிஎம். மாணவர்களுக்குத் தலா 2 ஜிபியில் 32 விஎம் (மெய்நிகர் கணினி), எல்லாமே ஒரே இமேஜ். கூடவே 16 ஜிபியில் ஒரு டேட்டாபேஸ் விஎம். ஆக 80 ஜிபி, கேஎஸ்எம்மை (விஎம்களில் ஒரே மாதிரி இருக்கும் மெமரி பேஜ்களைத் தேடி ஒன்றாகச் சேர்க்கும் கெர்னல் வசதி) நம்பித்தான் கொடுத்திருக்கிறது. ரன் ஃபைலில் 1 போட்டு அதை ஓடவிட்டாயிற்று. ஒரு மணி நேரம் ஆகியும் பேஜஸ்_ஷேரிங் (சேர்ந்ததால் மிச்சமான பேஜ் எண்ணிக்கை) சுழியிலேயே நிற்கிறது, ஹோஸ்ட் ஸ்வாப்புக்குப் போகிறது. பேஜஸ்_டு_ஸ்கேனை (ஒரு தடவைக்கு எத்தனை பேஜ் பார்ப்பது என்ற எண்) 100-லிருந்து 20000 ஆக்கினால், ஸ்கேன் செய்யும் கேஎஸ்எம்டி த்ரெட் ஒரு சிபியு கோரை முழுசாகப் பிடித்துக்கொள்கிறது. எந்த எண் சரி?

புதுவயல்
தம்பி, எண்ணுக்கு முன்னால் கணக்கைப் போடுங்க. டீஃபால்ட்டில் 100 பேஜ் பார்த்துவிட்டு 20 மில்லிசெகண்ட் தூங்கும். விநாடிக்கு அதிகபட்சம் 5000 பேஜ், பேஜுக்கு 4 கேபி என்றால் 20 எம்பிக்கும் குறைவு. 80 ஜிபி என்பது 2,09,71,520 பேஜ். ஒரு சுற்றுக்கே 70 நிமிடம்.

அதோடு, முதல் சுற்றில் ஒன்றுமே சேராது. ஒரு பேஜின் செக்சம் (உள்ளடக்கத்தின் சுருக்க எண்) அடுத்தடுத்த இரண்டு சுற்றில் மாறாமல் இருந்தால்தான் அன்ஸ்டேபிள் மரத்துக்குள், அதாவது இன்னும் சேராத பேஜ்களின் தேடல் பட்டியலுக்குள், விடும். உங்கள் பேஜஸ்_ஷேரிங் அசையாததற்குக் காரணம் அதுதான். ஃபுல்_ஸ்கேன்ஸ் (முடிந்த சுற்றுகள்) எத்தனை என்று பாருங்க, 0 அல்லது 1 ஆகத்தான் இருக்கும்.

20000 உதவாது. கேஎஸ்எம்டி ஒரே த்ரெட். ஒரு கோர் நிரம்பிய பிறகு எண்ணைக் கூட்டி என்ன பயன்? 5.15-இல் 1500-லிருந்து 2000 வைத்து, ஃபுல்_ஸ்கேன்ஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கூடுகிறது என்று அளங்க. சேர்ந்து முடிந்ததும் 200-க்கு இறக்கிவிடலாம்.

கானாடுகாத்தான்
வேகத்தைக் கூட்டுவதைவிடப் பார்க்க வேண்டியதைக் குறைப்பது மேல். அந்த டேட்டாபேஸ் விஎம்மை முதலில் வெளியே எடுங்க. அதன் பஃபர் பேஜ்கள் மாறிக்கொண்டே இருக்கும், வேறு எதோடும் ஒத்துப்போகாது. பேஜஸ்_வாலடைல் (அடிக்கடி மாறுவதால் சேர்க்க முடியாத பேஜ்கள்) எண்ணை ஏற்றுவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். விஎம்மின் லிப்வர்ட் எக்ஸ்எம்எல் அமைப்பு ஃபைலில் மெமரிபேக்கிங்குக்குள் நோஷேர்பேஜஸ் என்று ஒரு வரி சேர்த்து, விஎம்மை நிறுத்தித் திரும்ப ஏற்றுங்க. ஐந்தில் ஒரு பங்கு வேலை அங்கேயே போய்விடும்.

பார்க்கிற ஒவ்வொரு பேஜுக்கும் கெர்னல் 64 பைட் குறிப்பு வைத்துக்கொள்கிறது. 80 ஜிபிக்கு அதுவே 1.25 ஜிபி. அதனால் பேஜஸ்_ஷேரிங்கை மட்டும் பார்த்து மகிழக்கூடாது. புதிய கெர்னலில் ஜெனரல்_பிராஃபிட் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. வரவில் இந்தச் செலவைக் கழித்துக் காட்டும் ஐந்தொகை அது. மைனசில் நின்றால் ஸ்கேன் செய்வதே நட்டம்.

புதுவயல்
இன்னொன்று. ஸ்வாப்புக்குப் போன பேஜை கேஎஸ்எம்டி திரும்ப இழுத்துப் பார்க்காது. ஆகவே 32 விஎம்மையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் சேர வேண்டியவை சேர்வதற்கு முன்பே டிஸ்க்குக்குப் போய்விடும். முதலில் 16 மட்டும் ஏற்றி, இரண்டு சுற்று முடிய விடுங்க. 5.15, 6.8 இரண்டிலும் புதுப் பேஜை முதலில் ஸ்டேபிள் மரத்தில், அதாவது ஏற்கெனவே சேர்ந்த பேஜ்களின் பட்டியலில்தான் தேடும். அதனால் பின்னால் வரும் 16 விஎம்மின் பேஜ்கள், அங்கே ஒத்தது இருந்தால், முதல் சுற்றிலேயே ஒட்டிக்கொள்ளும்.

செக்காலை_லேப்
நன்றி அண்ணே. 24.04-க்கு மாற்றினால் கெர்னல் 6.8 வரும். அதில் ஏதாவது மாறுமா?

கானாடுகாத்தான்
நிறையவே. 6.7-இல் ஸ்மார்ட்_ஸ்கேன் வந்தது, தானாகவே ஆன் ஆகியிருக்கும். பல சுற்றாகச் சேராத பேஜை அடுத்த சில சுற்றுகளுக்கு விட்டுவிடும். பழைய பேஜ் என்றால் 8 சுற்று வரை. எவ்வளவு விட்டது என்பது பேஜஸ்_ஸ்கிப்டில் தெரியும். பலனும் உண்டு, விலையும் உண்டு: வெகுநேரம் கழித்து ஒத்துப்போகிற பேஜ் சேரத் தாமதமாகும். புதிதாக பூட் ஆகும் விஎம்முக்கு அந்தத் தொல்லை இல்லை.

6.8-இல் அட்வைசர். அட்வைசர்_மோடில் ஸ்கேன்-டைம் என்று எழுதினால், ஒரு சுற்று இத்தனை விநாடியில் முடியட்டும் என்று நீங்க சொல்லலாம், பேஜ் எண்ணிக்கையை அதுவே ஏற்றி இறக்கும். டீஃபால்ட் இலக்கு 200 விநாடி, சிபியு வரம்பு 70 சதவீதம், பேஜ் எண்ணிக்கை 500 முதல் 30000 வரை. உங்கள் லேப்புக்கு இலக்கு 300 போதும். அட்வைசர் ஓடும்போது பேஜஸ்_டு_ஸ்கேனில் கையால் எழுதினால் இன்வாலிட் ஆர்கியுமென்ட் என்று திருப்பிவிடும், பயப்பட வேண்டாம். கேஎஸ்எம் எண்களைத் தானாக மாற்றும் கேஎஸ்எம்டியூன்ட் சர்வீஸ் இருந்தால் நிறுத்திவிடுங்க, இரண்டும் ஒரே ஃபைலுக்கு மல்லுக்கட்டும்.

தேவகோட்டை_சிஸ்அட்மின்
இரண்டு சிபியு சாக்கெட் உள்ள ஹோஸ்டாக இருந்தால், வேறு வேறு மெமரி நோடில் உள்ள பேஜ்களையும் சேர்க்கலாமா என்று சொல்லும் மெர்ஜ்_அக்ராஸ்_நோட்ஸை 0 ஆக்கத் தோன்றும். சேர்ந்த பேஜ் ஒன்று இருந்தாலும் அது மாறாது, முதலில் ரன்னில் 2 எழுத வேண்டும். அப்படி எழுதினால் சேர்ந்ததெல்லாம் உடனே பிரியும். 64 ஜிபி ரேமில் 32 விஎம்மும் ஓடும்போது இதைச் செய்யவே செய்யாதீங்க, மெமரி தீர்ந்து ஹோஸ்ட் திணறும். விஎம்களை இறக்கிவிட்டு, காலையில் லேப் திறக்கும் முன் செய்யுங்க.

இந்த அமைப்பு எதுவும் ரீபூட்டுக்குப் பின் நிற்காது. பூட் ஆகும்போது படிக்கப்படும் டிஎம்பிஃபைல்ஸ்.டி அடைவில் ஒரு கான்ஃப் ஃபைலில், டபிள்யூ வகை (ஃபைலில் மதிப்பை எழுதும்) வரிகளாக எழுதி வையுங்க. தேர்வு நடத்தும் விஎம்மை மாணவர் விஎம்களோடு சேர விடாதீங்க. சேர்ந்த பேஜில் எழுத எடுக்கும் நேரத்தை வைத்தே அடுத்த விஎம்மில் அந்தப் பேஜ் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியும். அதற்கும் அதே நோஷேர்பேஜஸ் வரிதான்.