அம்புலிமாமாவுக்கும் குரூப் ஃபோருக்கும் நடுவில்

எங்கள் தலைமுறைக்கு வாசிப்பில் பதின்வயது என்று ஒன்று இருந்ததே இல்லை. அம்புலிமாமாவை மூடிய கையோடு நேராக வார இதழ்த் தொடர்கதைதான். தொடர்களைக் கிழித்தெடுத்து பைண்ட் செய்து வைத்திருப்பார்களே, அந்தக் கட்டுகள் வாடகை நூலகத்தில் கிடைக்கும். பாதிப் பக்கம் கதை, மீதியில் ஜோக்கும் தைல விளம்பரமும். அதில் வருகிற பெண்களுக்கெல்லாம் கல்யாணக் கவலை. எனக்கோ கணக்கு டீச்சரும் முகப்பருவும்தான் கவலை. காமிக்ஸ் மட்டும் கொஞ்சம் கைகொடுத்தது. முத்து காமிக்ஸ் 1972-ல் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை அண்ணன் மெத்தைக்கடியில் ஒளித்து வைப்பான், நான் திருடிப் படிப்பேன். மாயமாகிவிட்டால் வகுப்பில் யாரும் எழுப்பிக் கேள்வி கேட்க முடியாதல்லவா!

ஐம்பதைத் தாண்டித்தான் இளையோர் நாவல்கள் பக்கம் வந்தேன். மகள் ஹாஸ்டலுக்குப் போனபோது விட்டுப்போனதில் எஸ். இ. ஹிண்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ இருந்தது. அமெரிக்காவில் ஏழைப் பையன்கள் கும்பலும் பணக்காரப் பையன்கள் கும்பலும் மோதிக்கொள்கிற கதை. 1967-ல் புத்தகம் வெளிவந்தபோது எழுதியவருக்கு வயது 18. தன்னைப் போன்ற பிள்ளைகளைப் பற்றிப் படிக்க எதுவுமே இல்லையே என்ற எரிச்சலில் பள்ளி நாட்களிலேயே எழுத ஆரம்பித்தவர். பெண் எழுதியது என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பகத்துக்குப் பயம். அதனால்தான் பெயரில் வெறும் முதலெழுத்துகள்.

அதில் அப்பா அம்மா இறந்துபோய், தம்பிகளை வளர்க்கிற இருபது வயது அண்ணன் ஒருவன் வருவான். எந்நேரமும் சிடுசிடுப்பு. படித்த வாரம் எங்கள் தெரு மளிகைக்கடைத் தம்பியிடம், “வீட்ல யார் யாருப்பா இருக்கீங்க?” என்று கேட்டேன். அவனும் எரிந்து விழுகிற ரகம்தான். “நானும் தங்கச்சியும்க்கா. அது ப்ளஸ் டூ. ஃபீஸ் கட்டணும்னுதான் காலேஜை விட்டுட்டு இங்க நிக்கிறேன்” என்றான். வருஷக்கணக்கில் அவனிடம் சாமான் வாங்குகிறேன், அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று அருமையான பகுதி இருக்கிறது. எங்கள் கிளை நூலகத்தில் இருப்பது ஒரே ஒரு சிறுவர் ரேக். அதைத் தாண்டினால் குரூப் ஃபோருக்குப் படிக்கிற கூட்டம்தான், நாற்காலி கிடைப்பதே பெரும்பாடு. பக்கத்து வீட்டு ஒன்பதாவது படிக்கிற பெண் இரண்டுக்கும் நடுவில் விழித்துக்கொண்டு நின்றாள். என்னிடம் இருந்த ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ கொடுத்தேன். யெஸ். பாலபாரதி எழுதி, 2020-ல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கிய நாவல். பேசும் பொம்மை ஒன்றை வைத்து, பிள்ளைகளுக்கு நடக்கிற பாலியல் சீண்டலைச் சொல்வது.

இரண்டாம் நாள் அவள் அம்மா புத்தகத்தோடு வந்துவிட்டாள். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். “நான் மொதல்ல படிச்சேன்க்கா. அப்புறம்தான் அவகிட்ட குடுத்தேன். எங்களுக்கெல்லாம் இதை யாரு சொன்னா?” என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. காபி போட்டேன்.

அவள் மகளின் தீர்ப்பு வேறு. “நல்லாருக்கு ஆன்ட்டி. ஆனா அது சின்னப் பிள்ளைங்க கதை. என் வயசுல ஒருத்தி வீட்ல சண்டை போடுற மாதிரி, ஒரு பையனைப் பிடிக்கிற மாதிரி எதுவும் இல்லையா?”

நியாயமான கேள்வி. தமிழில் இந்த வயதுக்கு எழுதுகிறவர்கள் பலருக்குக் கடைசி அத்தியாயத்தில் தாத்தாவோ வாத்தியாரோ வந்து புத்தி சொன்னால்தான் நிம்மதி. பதினான்கு வயசுப் பிள்ளை அதை மூன்றாம் பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிடும்.

தனி ரேக் வேண்டுமென்று நூலகரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டத்தானே செய்கிறோம், கேட்டால் என்ன? “ரேக் போட்டுடலாம்மா, அதுல அடுக்க லிஸ்ட் குடுங்க” என்கிறார் அவர். என் லிஸ்ட் ஆறேழு தலைப்போடு நிற்கிறது. புத்தி சொல்லாத தமிழ் இளையோர் நாவல் தெரிந்தவர்கள் பெயரைச் சொல்லுங்கள். சனிக்கிழமை அந்தப் பெண் மறுபடி வருவாள்.