ரப்பர் செடி இலையில் பழுப்புப் புள்ளி: பூச்சியா, நோயா?

வணக்கம். வேளச்சேரியில் மூன்றாவது மாடி வீடு. ஹால் ஜன்னலோரம் இருக்கும் ரப்பர் செடியில் பத்து நாளாக ஒரு தொல்லை. இலைக்கு அடியில், நடு நரம்பை ஒட்டி, பாதிக் கடுகு அளவில் பழுப்புப் புள்ளிகள். கறை என்றுதான் முதலில் நினைத்தேன். நகத்தால் சுரண்டினால் சின்ன ஓடு மாதிரி பெயர்ந்து வருகிறது. அந்த இடத்தில் இலை பச்சையாகவே இருக்கிறது. கீழ் இலைகளெல்லாம் பிசுபிசுப்பு, எறும்பு வேறு வரிசை கட்டி ஏறுகிறது.

மாவுப்பூச்சி எனக்குப் பழக்கம், மொட்டைமாடிச் செம்பருத்தியைப் படுத்தி எடுத்தது. இதில் அந்த வெள்ளைப் பஞ்சு இல்லை. சிலந்திப்பேன் பின்னும் நூலும் இல்லை. அப்புறம் என்ன, செதில் பூச்சியா?

லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து இரண்டு முறை அடித்தேன். அசையவில்லை. (வீடெல்லாம் வாடை என்று அம்மாவிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.) ஓடு இருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லையோ? பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இலை கருகாதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்த மணி பிளான்ட்டை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.