கிட் லென்ஸில் வளவு அடங்கவில்லை: மலிவான வைடு பிரைம் எது வாங்கலாம்?

வளவுவீட்டுப் பையன்:
வணக்கம். என்னிடம் இருப்பது சோனி ஏ6400, கூடவே வந்த 16-50 கிட் லென்ஸ். காரைக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் அப்பத்தா வீட்டைச் சீக்கிரமே பங்கு பிரிக்கப் போகிறார்கள். அதற்குள் முகப்பில் தொடங்கி இரண்டாம் கட்டு வரை ஒழுங்காகப் படம் எடுத்து வைத்துவிட ஆசை. ஆனால் வளவில், அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றித் தூண் வரிசையும் இருக்கும் இடத்தில், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் ஒரு தேக்குத் தூண் வெட்டுப்படுகிறது. அப்புறம், ஜவ்வாது மலையில் ஓர் இரவு தங்கிப் பால்வீதியையும் எடுக்க வேண்டும். கையில் 30 ஆயிரம் ரூபாய்தான், பழைய லென்ஸானாலும் சரி. கடையில் சிக்மா 16 மி.மீ. எஃப் 1.4 பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) வாங்கச் சொல்கிறார்கள். மேனுவல் ஃபோகஸ், அதாவது வளையத்தைக் கையால் திருப்பித் தெளிவாக்குவது என்றால் எனக்குக் கொஞ்சம் பயம்.

ஸ்டுடியோ அண்ணாச்சி:
தம்பி, அந்த சிக்மா அருமையான லென்ஸ்தான். ஆனால் உங்கள் கிட் லென்ஸும் 16-இல்தான் தொடங்குகிறது. வெட்டுப்பட்ட தூண் சிக்மாவிலும் வெட்டுப்படும். எஃப் எண் சிறியதாக இருப்பதால் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்குமே தவிர, அகலம் கூடாது.

கடைக்குப் போகும் முன் டேப் எடுத்து இரண்டு அளவு பாருங்கள். எவ்வளவு தூரம் பின்னால் போக முடிகிறது, எவ்வளவு அகலம் படத்தில் வர வேண்டும்? உங்கள் கேமராவின் சென்சார் அகலம் 23.5 மி.மீ. தூரத்தை 23.5-ஆல் பெருக்கி லென்ஸின் மி.மீ.-ஆல் வகுத்தால் படத்தில் அடங்கும் அகலம் கிடைத்துவிடும்.

வளவுவீட்டுப் பையன்:
அளந்துவிட்டேன் அண்ணாச்சி. பின்னால் 3 மீட்டர்தான் போக முடியும். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை 5.5 மீட்டர் வேண்டும்.

ஸ்டுடியோ அண்ணாச்சி:
அப்படியானால் 16-இல் 4.4 மீட்டர், 13-இல் 5.4, 12-இல் 5.9, 10-இல் 7. வில்ட்ராக்ஸ் 13 மி.மீ. எஃப் 1.4-ஐயும் யாராவது சொல்லுவார்கள். நல்ல லென்ஸ், ஆனால் உங்கள் வீட்டுக்கு நூலிழையில் பத்தாது. எடையும் 420 கிராம். சோனியின் 11 மி.மீ. எஃப் 1.8 வெறும் 181 கிராம்தான், ஆட்டோஃபோகஸும் உண்டு. விலைதான் உங்கள் கைக்கு எட்டாது. என் ஓட்டு சம்யாங் 12 மி.மீ. எஃப் 2-க்கு. 2014-இல் வந்த மேனுவல் லென்ஸ், பழையதாகத் தேடினால் உங்கள் பணத்துக்குள் முடியும். இதே அளவில் 2021-இல் ஆட்டோஃபோகஸ் மாடலும் வந்தது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

மலைக்கோட்டை மணி:
எதற்குப் புது லென்ஸ்? கிட் லென்ஸிலேயே கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஐந்தாறு படம் எடுத்து ஒட்டிவிடலாமே. செலவே கிடையாது.

ஸ்டுடியோ அண்ணாச்சி:
வெளியே முகப்புக்கு அது சரி மணி. உள்ளே தூண் மூக்குக்கு முன்னால் நிற்கும், சுவர் தள்ளி இருக்கும். கேமரா கொஞ்சம் இடம் மாறினாலும் ஒட்டும் இடத்தில் ஆத்தங்குடிக் கல்லின் கட்டங்கள் கோணலாகிவிடும். செடி கொடியில் அந்தத் தவறு மறைந்துவிடும், கட்டம் போட்ட தரையில் மறையாது.

இருட்டுவானம்:
மேனுவல் ஃபோகஸுக்குப் பயப்பட வேண்டாம். 12 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து 0.9 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஏறக்குறைய அரை மீட்டரிலிருந்து கடைசிச் சுவர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். அதன்பிறகு வளையத்தைத் தொடவே வேண்டாம். வீட்டுக்குள் டிரைபாட் வைத்து எடுக்கும்போது பெரிய அபர்ச்சரும் (வெளிச்சம் நுழையும் துளை) தேவையில்லை. ஷட்டர் ஒரு விநாடி திறந்திருந்தால் தூணா ஓடிவிடப் போகிறது? முற்றத்து வெயிலும் உள்ளறை இருட்டும் ஒரே படத்தில் வராது, மூன்று வெளிச்ச அளவில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஃப் 2 உதவப்போவது மலையில்தான். கிட் லென்ஸின் எஃப் 3.5-ஐ விட மூன்று மடங்கு வெளிச்சம். நட்சத்திரம் கோடாக இழுபடாமல் இருக்க 15 முதல் 20 விநாடி போதும். பால்வீதியின் மையம் நம் ஊர் அட்சரேகையில் ஏறக்குறைய 50 பாகை உயரம் வரை ஏறும், ஐரோப்பாக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. மழைக்காலம் தொடங்கும் முன், நிலா இல்லாத பின்னிரவாகப் பார்த்துப் போங்கள்.

இன்னொன்று. மலிவு என்று 7.5 மி.மீ. ஃபிஷ்ஐ எதையும் வாங்கிவிடாதீர்கள். தூண் எல்லாம் வாழைப்பழமாக வளையும்.

மலைக்கோட்டை மணி:
பழைய லென்ஸ் வாங்கினால் ஒரு சோதனை. கேமராவையும் காசையும் எடுத்துக்கொண்டு போய், செங்கல் சுவருக்கு நேராக நின்று எஃப் 2-இல் ஒரு படம் எடுங்கள். இடது மூலையும் வலது மூலையும் ஒரே அளவு தெளிவாக இருக்க வேண்டும். நான் இதைச் செய்யாமல் ஒன்றை வாங்கினேன். பிராண்ட் எது என்று கேட்காதீர்கள். ஒரு பக்கம் எப்போதும் மங்கல்தான், கீழே விழுந்த லென்ஸ் என்று பிறகுதான் தெரிந்தது.

வளவுவீட்டுப் பையன்:
மதுரையில் ஒருவரிடம் 12 மி.மீ. மேனுவல் கிடைத்தது. செங்கல் சோதனையில் பாஸ். ஆனால் வீட்டுக்கு வந்து மாட்டினால் ஷட்டர் விழவே இல்லை! லென்ஸ் இல்லை என்கிறது கேமரா. ஏமாந்துவிட்டேனா?

இருட்டுவானம்:
பதறாதீர்கள். அந்த லென்ஸில் மின்தொடர்பு கிடையாது, மாட்டியிருப்பதே கேமராவுக்குத் தெரியாது. மெனுவில் லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்க அனுமதிக்கும் அமைப்பு ஒன்று இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். வாங்கும்போது உங்கள் கேமராவில்தானே சோதித்தீர்கள்?

வளவுவீட்டுப் பையன்:
இல்லை, விற்றவருடைய கேமராவில். இப்போது எடுக்கிறது, நன்றி! திரையில் அபர்ச்சர் எண் மட்டும் வரவில்லை.

இருட்டுவானம்:
வராது, லென்ஸ் வளையத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கூடவே ஃபோகஸ் உருப்பெருக்கியை ஒரு பட்டனில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம், பல மேனுவல் லென்ஸ்களில் வளையம் அந்தக் குறியைத் தாண்டியும் சுழலும். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் இரவெல்லாம் கவலையில்லை.

வளவுவீட்டுப் பையன்:
நேற்று வளவை எடுத்தேன். இரண்டு சுவரும், எல்லாத் தூணும் அடங்கிவிட்டன. ஆனால் இரண்டு சிக்கல். தூண்கள் மேலே போகப்போக உள்பக்கம் சாய்கின்றன. ஓரத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிகிறார். "என்னை எதுக்குடா இப்படிக் குண்டாக்கினே" என்று ஒரே சத்தம்.

ஸ்டுடியோ அண்ணாச்சி:
இரண்டும் லென்ஸின் குற்றம் இல்லை தம்பி. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்திருக்கிறீர்கள், அதனால்தான் தூண் சாய்கிறது. திரையில் மட்டக்கோட்டைப் போட்டு நேராக வையுங்கள். மேல்தளம் வெட்டுப்பட்டால் டிரைபாட்டைத்தான் உயர்த்த வேண்டும், லென்ஸை அண்ணாக்க வைக்கக் கூடாது. வைடு லென்ஸில் ஓரத்தில் இருக்கும் ஆள் அகலமாவது இயல்பு. அப்பத்தாவை நடுவில், கொஞ்சம் தள்ளி, இரண்டு தூணுக்கு இடையில் உட்கார வைத்து மறுபடி எடுங்கள்.

வளவுவீட்டுப் பையன்:
ஊஞ்சலை நடுவுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன் அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வருகிறாராம்.